மேனேஜர் முதுகில் ஓமம்

மாட்டுக்காரர் நம்மிடம் பொய் சொல்வது குறைவு. மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால், முந்தின நாள் என்ன போட்டார், யார் சொல்லிப் போட்டார், அது யார் வீட்டு மாட்டுக்குக் கேட்டது என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். நாய் வளர்ப்பவர் அப்படியில்லை. "என்ன பூசினீங்க?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்த்தே "ஒண்ணும் பூசலையே" என்பார். அவர் கையிலும் நாய் முதுகிலும் ஒரே வாசம் வந்துகொண்டிருக்கும். கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பேச நினைப்பது இந்த "ஒண்ணும் பூசலையே"யைப் பற்றித்தான்.

மருந்து, ஊசி, அளவெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் படித்த காலத்துப் புத்தகத்தில் பாதியை இப்போது திருத்திவிட்டார்கள். அதற்குள் நான் தலையைக் கொடுக்கவில்லை.

இப்போது தைலங்களுக்கு நல்ல காலம். லாவெண்டர், டீ ட்ரீ, சிட்ரோனெல்லா என்று கட்டைவிரல் உயரத்துப் பாட்டில்களில் வருகின்றன. "கெமிக்கல் வேணாம் டாக்டர், நேச்சுரலா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அரளி விதையும் நேச்சுரல்தான். நல்ல பாம்பின் விஷத்தையும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யவில்லை. தைலமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சரியான தைலமாக இருந்து, ஒன்றிரண்டு சொட்டை நிறையத் தேங்காயெண்ணெயில் கலந்து, நாக்கு எட்டாத இடத்தில் வைத்தால் சிலவற்றுக்குக் கேட்கும். ஆனால் நாம் முழங்காலில் தேய்த்துக்கொள்கிற சாமானை அப்படியே நாய் மேல் ஊற்றினால் அது தோலோடு நிற்காது. நாய் அதை நக்கும். நாய்க்கு மேலே பூசுவதெல்லாம் நாய்க்கு ஊட்டுவதுதான்.

நாயின் மூக்கு விஷயம் வேறு இருக்கிறது, நமக்கு லேசான வாசம் அதற்குப் பெரிய நெடி. கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரி, தன் பொமரேனியன் மேல் கொசு உட்காரக் கூடாது என்று புல்தைலத்தை அள்ளித் தடவிவிட்டார். அது வீட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்று எதிர்வீட்டு மாட்டுக்கொட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சாணி வாசம் எவ்வளவோ மேல் என்று அதற்குப் பட்டிருக்கிறது. மனிதர் என்னிடம் வந்து, "டாக்டரம்மா, என் நாய்க்கு யாரோ செய்வினை வச்சிட்டாக" என்றார். "வச்சது நீங்கதான்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அது சிரித்துவிட்டுப் போகிற கதை. இப்போது சொல்லப்போவதும் சிரிப்புக் கதைதான், ஆனால் அதில் ஒரு நாயின் உயிர் கம்பு முனையில் நின்றது.

அப்போது நான் காமயகவுண்டன்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். அந்த ஊரில் தங்கவேலு என்று ஒருவர். கொஞ்சம் திராட்சைத் தோட்டம், ஒரு கோம்பை நாய், ஒரு பெண்டாட்டி. மூன்றில் எதற்கு அவர் அதிகம் பயந்தார் என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெண்டாட்டி பெயர் ராசாத்தி. எனக்குத் தங்கை வயது. மலைக்கு மேலே, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கங்காணி. விடிவதற்குள் ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிப் பாதையில் ஏறினால், இருட்டுவதற்குள் அத்தனை பேரையும் வேலை வாங்கிவிட்டு இறங்குவாள். ஒருநாள் எஸ்டேட் மேனேஜர் அத்தனை பெண்களுக்கும் முன்னால் அவளைக் கண்டபடி பேசிவிட்டார். அன்று சாயங்காலம்தான் தங்கவேலு கோம்பையிலிருந்து செவலை நிறத்தில், கருத்த மூஞ்சியோடு ஒரு குட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ராசாத்தி அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டாள். மலையில் மேனேஜர் சொன்னதை இவள் கேட்க வேண்டும், வீட்டில் இவள் சொன்னதை மேனேஜர் கேட்க வேண்டும். "ஏலே மேனேஜரு, எந்திரிச்சு அங்கன போய்ப் படுடா" என்று அவள் அதட்டும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குள் போனால் காலெல்லாம் அட்டை ஏறும். அதற்கு ராசாத்தி ஒரு தைலம் வைத்திருந்தாள். குமுளியில் ஒருவர் காய்ச்சி விற்கும் யூகலிப்டஸ் தைலத்தைப் பெரிய பாட்டிலில் வாங்கி, அதில் கற்பூரத்தை நொறுக்கிப் போட்டு, ஒரு பிடி ஓமத்தையும் போட்டு ஊற வைப்பாள். பூசினால் அட்டை கிட்டே வராது, மூட்டு வலியும் கேட்கும் என்பாள். தெருவில் தைல வாசம் வந்தால் ராசாத்தி வருகிறாள் என்று அர்த்தம். அந்தப் பாட்டிலை வேறு யாரும் தொடக் கூடாது.

ஒருநாள் அந்தப் பாட்டில் காணாமல் போனது. தங்கவேலுவின் அக்கா பேச்சியம்மாவுக்குப் பக்கத்து வீடு. அந்தம்மாவுக்கும் மூட்டு வலி. அவ்வளவு போதாதா? ராசாத்தி வாசலில் நின்று, பெயர் சொல்லாமல், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராதபடி பேசினாள். பேச்சியம்மா சும்மா இருப்பவர் இல்லை. "எந்தம்பி வீட்டுல எண்ணெயத் திருடிப் பொழைக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே ஜீப்பில்தான் மலைக்குப் போனார்கள், ஆனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ஆடு ஒன்றுக்கு மருந்து வாங்க வந்தபோது பேச்சியம்மா இதை என்னிடம் சொல்லி அழுதுவிட்டுப் போனார். ராசாத்தி குமுளியில் புதுப் பாட்டில் வாங்கிவிட்டாள். தங்கவேலு இத்தனையையும் பார்த்துக்கொண்டு திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கேரளாவில் ஒருநாள் ஹர்த்தால் வந்தது. அங்கே கடையடைத்தால் இங்கே ஜீப் போகாது, எங்கள் பள்ளத்தாக்குப் பெண்கள் பாதிப் பேருக்கு லீவு. அன்று காலை எனக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு இருக்கிற இடமே தெரியவில்லை. மருந்தகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். தங்கவேலு தெருக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து நிறுத்தாமலேயே கத்தினார்.

"டாக்டரம்மா, மேனேஜருக்கு வெறி புடிச்சிருச்சு! கம்ப எடுத்துட்டாக. சட்டுன்னு வாங்க!"

போய்ப் பார்த்தால் வீட்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். பந்தலுக்கு ஊன்றுகிற கம்பு, மண்வெட்டி, ஒருவர் கையில் உலக்கைகூட இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அதற்கும் கூட்டத்துக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தங்கவேலு.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஊரின் முன்னாள் கவுன்சிலர். "டாக்டரம்மா, பிள்ளைக நடமாடுற எடம். இவருக்கு நாய் மேல பாசமின்னா நாங்க என்ன செய்ய? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிருவோம்" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஊரில் நாய் கடித்து ஒரு ஆள் செத்துப்போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அந்தச் சாவைப் பார்த்த யாருக்கும் அவர் கையில் கம்பு இருந்தது தப்பாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

யாரையாவது கடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். எப்போதிருந்து இப்படி? காலை வெயில் ஏறினதிலிருந்து. நேற்று? நேற்று நன்றாகத்தான் இருந்தது, தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்டியது. தடுப்பூசி? "போன முகாம்ல போட்டாச்சே" என்றார் தங்கவேலு. ஆனால் அந்த முகாமில் மேனேஜர் கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் வழியாக ஓடியது எனக்கு நினைவிருந்தது. திரும்பப் பிடித்துக்கொண்டுவந்து ஊசி போட்டோமா என்பதுதான் நினைவில் இல்லை.

ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துக் கம்பால் தள்ளச் சொன்னேன். மேனேஜர் தள்ளாடிக்கொண்டே வந்து நக்கிக் குடித்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "தண்ணி குடிக்குதே" என்றார் ஒருவர். "குடிச்சா?" என்றார் கவுன்சிலர். அவர் கேட்டது சரிதான். தண்ணீர் குடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு வெறி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நீங்களும் கட்டிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அது நடுநடுவே தலையைத் திருப்பித் தன் முதுகையே கடிக்கப் பார்த்தது. முடியாதபோது தொட்டிச் சுவரில் முதுகைத் தேய்த்தது. நக்கியது, துப்புவது மாதிரி நாக்கை நீட்டியது, மறுபடி நக்கியது.

"தங்கவேலு, நாய் மேல என்ன பூசினீங்க?"

"ஒண்ணும் பூசலையே."

சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. வலது பக்கம் வாசற்படியில் ராசாத்தி நின்றாள். அங்கே ஒரு தடவை போனது. இடது பக்கம் வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா நின்றார். அங்கே ஒரு தடவை போனது. மறுபடி கேட்டேன். மறுபடி "ஒண்ணும் பூசலையே". மறுபடி வலது, இடது.

அங்கே நின்ற எல்லார் மூக்கிலும் தைல வாசம் ஏறியிருக்கிறது. பிறகு சொன்னார்கள். ஆனால் ராசாத்தி அன்று காலையிலும் முழங்காலுக்குப் பூசியிருந்தாள். ஆகவே வாசம் அவளுடையது என்று விட்டுவிட்டார்கள். ராசாத்திக்கோ, நாள் முழுக்க அந்த வாசத்திலேயே இருப்பவள், அது தெரியவே தெரியாது. மூக்கை நம்பியே தொழில் செய்கிற எனக்கு அன்று மூக்கு லீவு.

கவுன்சிலர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். "இன்னும் எம்புட்டு நேரம் டாக்டரம்மா? அது பாஞ்சுச்சுன்னா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த மனிதர் வாய் திறந்தால்தான் நாய் பிழைக்கும். இவர் வாய் திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு பெண்களும் இங்கே இருக்கக் கூடாது. "ராசாத்தி, உள்ள போய் வெந்நீர் வை. நிறைய வேணும். பேச்சியம்மா, உங்க வீட்டுல பழைய சாக்கு இருந்தா எடுத்துட்டு வாங்க, சுத்தமா இருக்கணும்" என்று அதட்டினேன். வெந்நீர் எதற்கு, சாக்கு எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அவர்கள் முதுகு மறைந்ததும் தங்கவேலு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"டாக்டரம்மா... தைலம்."

"என்ன தைலம்?"

"அவ தைலந்தேன். உண்ணி அப்பிக் கெடந்துச்சு. அட்டைக்கு ஆகுறது உண்ணிக்கு ஆகாதான்னு நெனச்சேன். ரெண்டு மூணு நாளா லேசாத் தடவுனேன். ஒரு உண்ணி அசையல. இன்னிக்குக் காலையில மிச்சம் இருந்ததப் பூராவும் ஊத்தித் தேச்சிட்டேன்."

"ஏன்யா, இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அவ நிக்கிறா. அக்காவும் நிக்குது. நான் எடுத்த பாட்டிலுக்காக அதுக ரெண்டும் பேச்சு வார்த்தை இல்லாமக் கெடக்குதுக டாக்டரம்மா." அவர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேனேஜரக் காப்பாத்திக் குடுங்க. ஆனா தைலம்னு மட்டும் வெளிய சொல்லிராதீக."

எனக்கு வந்த கோபத்தில் உலக்கையை நானே வாங்கியிருப்பேன். ஆனால் கணக்கு நேராகிவிட்டது. யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டும் சேர்ந்து தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் இறங்கினால் நாய் இப்படித்தான் எச்சில் வடிக்கும், தள்ளாடும், நடுங்கும். நேற்று வரை பன்றி விரட்டிய நாய் இன்று காலையில் திடீரென்று விழுந்ததற்கும் பொருத்தம் இருந்தது. வெறி இல்லை என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியுமா? முடியாது. சொல்ல முடிந்த அளவுக்குச் சொல்லிவிட்டு மிச்சத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் இந்த வேலை.

"இது வெறி மாதிரி தெரியலை. தோல்ல ஏதோ பட்டிருக்கு. கழுவி ஊசி போடணும்" என்றேன்.

"ஏதோன்னா என்னது?"

"ஏதோதான்."

கவுன்சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீகளா?"

"ஏத்துக்கிறேன். கையுறை போட்டு நான்தான் தொடப்போறேன். நீங்க கம்பக் கீழ போட வேணாம். ஆனா அங்கனயே நில்லுங்க."

பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு முன்தடுப்பு ஊசி போட்டிருந்தது, ஆனாலும் அந்த எச்சிலைப் பார்த்ததும் கயிற்றைக் கம்பு நுனியில் மாட்டி எட்ட நின்றே நீட்டினேன். நாயின் கழுத்தில் அது விழுந்ததும் மறு நுனியைத் தங்கவேலுவிடம் கொடுத்தேன். அவர் இழுத்ததும் மேனேஜர் அவர் காலடியில் வந்து சாய்ந்தது. வால் நுனி ஒரு தடவை ஆடியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதித் தைரியம் வந்தது.

அதற்குள் ஒரு மகராசன், விஷமென்றால் வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்று புளித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். தள்ளாடுகிற நாயின் வாயில், அதுவும் தைலம் குடித்த நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும். அவரைத் துரத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "குடிக்கிறதுன்னா நீங்க குடிங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் உண்மையிலேயே கொஞ்சம் குடித்தார் என்று நினைக்கிறேன்.

ராசாத்தி வெந்நீர் அண்டாவோடு வந்தாள். பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கினோம். எண்ணெயை எடுக்கப் பாத்திரம் விளக்குகிற சோப்பை விட நல்லது அந்த ஊரில் எதுவும் கிடையாது. நான் கையுறை மாட்டுவதற்குள் அவளே உட்கார்ந்துவிட்டாள். "நான் தேய்க்கிறேன் டாக்டரம்மா. நீங்க தேச்சா அது நிக்காது." ஒரு ஜோடி கையுறையை அவளுக்கும் கொடுத்தேன்.

அவள் தேய்த்தாள். தேய்க்கும்போதே திட்டினாள். "ஏலே மேனேஜரு, செத்துக்கித்துப் போனே, பாத்துக்க. தோல உரிச்சிருவேன். யாரக் கேட்டுச் சாகப் போற? லீவு குடுத்தேனா நானு?" கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

முதுகில் நுரை பொங்கியது. அவள் ஒரு கை நுரையை வழித்து எறியப் போனவள், அப்படியே நிறுத்தினாள். உள்ளங்கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். விரலால் நுரையை விலக்கினாள். எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன... ஓமம்?"

கவுன்சிலர் குனிந்து பார்த்து, "நாய்க்குச் செரிமானம் இல்லியோ?" என்றார், பாவம், நல்லெண்ணத்தோடு.

ராசாத்தி இன்னொரு கை நுரையை வழித்தாள். அதிலும் ஓமம். தங்கவேலு கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மலைமேல் மேகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி" என்றாள் ராசாத்தி. பாட்டில் காணாமல் போனதிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. "மதினி, இங்கன வாங்க. வந்து இதப் பாருங்க."

பேச்சியம்மா சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். "ஓமந்தேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

ராசாத்தி எழுந்திருக்கவில்லை. நாயின் மேல் ஒரு கையை வைத்தபடியே இன்னொரு கையைக் கவுன்சிலர் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, அந்தக் கம்ப இங்கன குடுங்க."

தெருவே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அந்த நாய்க்கு உயிர் திரும்பியது என்று சொல்வேன். வெறி பிடித்த நாய்க்கு முன்னால் யாரும் சிரிப்பதில்லை. கவுன்சிலர் கம்பை வேலியில் சாத்திவிட்டார், ராசாத்தி கைக்கு எட்டாத தூரத்தில். நான், "முதல்ல நாயை அலசி முடி. அவர அடிக்கிறத அப்புறம் வச்சுக்க" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

நடுக்கத்துக்கு ஊசி போட்டேன். சலைன் ஏற்றினேன். பேச்சியம்மா கொண்டுவந்த சாக்கில் சுற்றினோம். எதற்கென்று தெரியாமல் கேட்ட சாக்கும் வெந்நீரும் இரண்டுமே பயன்பட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. தங்கவேலு மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. சோறு வேண்டாம் என்றார், தண்ணீர் வேண்டாம் என்றார். கூட்டம் மெல்லக் கலைந்தது. வெயில் தாழ்ந்தபோது நடுக்கம் விட்டது. ராசாத்தி உள்ளேயிருந்து ஏதோ பாத்திரத்தை டமாரென்று வைத்த சத்தத்துக்கு மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தது. தங்கவேலு விம்மி விம்மி அழுதார்.

ராசாத்தி வெளியே வந்து அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, அம்புட்டுப் பேரு கம்போட நின்னாக. ஒரு நொடியில அடிச்சுக் கொன்னிருப்பாக. அப்பக்கூட நீங்க வாயத் தொறக்கல. எனக்குப் பயந்துக்கிட்டு." அவள் நிறுத்தினாள். "நான் என்ன அம்புட்டுப் பொல்லாதவளா?"

அவள் உண்மையாகவே கேட்டாள். பதில் தெரிய வேண்டும் என்று கேட்டாள். தங்கவேலு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பையில் எதையோ தேடினேன்.

"பின்னே?" என்றார் பேச்சியம்மா.

ராசாத்தி திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். வேலியில் கம்பு இன்னும் இருக்கிறதா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்து வந்ததால் இருமல் பிடித்துக்கொண்டது. பேச்சியம்மா முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "என்னையத் திருடின்னு சொன்னவதானடி நீயி" என்று தானும் அழ ஆரம்பித்தார். நான் போய்விட்டுப் பிறகு வருகிறேன் என்று கிளம்பினேன். மேனேஜரைக் கட்டிப்போட்டுக் கொஞ்ச நாள் கவனிக்கச் சொன்னேன், தினமும் நானே போய்ப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உண்ணிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனை தைலத்துக்குப் பிறகும் அவை காதோரத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன, நான் முறையான மருந்து கொடுத்துத்தான் இறக்கினேன்.

அதற்கப்புறம் என் கேள்வி கேட்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். நாய் பேசாது, அதனால் வளர்ப்பவரைக் கேட்கிறோம். வளர்ப்பவர் பேசவில்லை என்றால், அவர் யாருக்கு முன்னால் பேசவில்லை என்று பாருங்கள். மாமியார் நின்றால் மருமகள் பேச மாட்டாள். அப்பா நின்றால் மகன் பேச மாட்டான். வைத்தியம் சொல்லிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் கூடவே வந்திருந்தால் யாருமே பேச மாட்டார்கள். அந்த ஆளை நான் வெந்நீருக்கு அனுப்பிவிடுவேன். "எதிர்த்த டீக்கடையில கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாங்க." போய் வருவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். பூண்டு, புகையிலை, கிராம்புத் தைலம், ஒருமுறை பெயிண்டுக்குக் கலக்குகிற டர்பன்டைன்கூட. வாங்கிவந்த வெந்நீரில் ஒரு டம்ளரைக்கூட நான் வீணாக்கியதில்லை, கை கழுவிக்கொள்வேன்.

நான் அந்த ஊரிலிருந்து மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், தங்கவேலுவும் ராசாத்தியும் மேனேஜரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார்கள். அதற்கு வயதாகிவிட்டது, மூஞ்சியில் கருப்புக்குள் நரை விழுந்திருந்தது. விடியற்காலையிலிருந்து வாந்தி, வயிறு உப்பியிருந்தது. என்ன சாப்பிட்டது என்று கேட்டேன். தங்கவேலு, "ஒண்ணும் சாப்பிடலையே" என்றார். கண் ஒரு தடவை பக்கத்தில் ராசாத்தியிடம் போய்வந்தது.

நான் ராசாத்தியிடம் திரும்பி, "கொஞ்சம் வெந்நீர்..." என்று ஆரம்பித்தேன்.

"வெந்நியெல்லாம் வேணாம் டாக்டரம்மா" என்று அவள் எழுந்துவிட்டாள். மேனேஜரின் தலையை ஒரு தடவை தடவினாள். "நான் வெளிய நிக்கிறேன். நீங்க அவுகளக் கேளுங்க."

அவள் போய்விட்டாள். நான் மேனேஜரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். பிறகு வெளியிலிருந்து, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குரலில் ஒரு சத்தம்.

"ஏங்க! பயப்படாமச் சொல்லுங்க!"

தங்கவேலு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "முதல்ல அந்தக் கதவச் சாத்துங்க டாக்டரம்மா" என்றார்.

சாத்தினேன். சொன்னார்.